கேளுங்க சொல்றோம்: நின்ன கப்பல்ல போயி இடிச்சது சதியா?

கேள்வி: 2025 மார்ச்ல இங்கிலாந்து பக்கம் நங்கூரம் போட்டு நின்ன அமெரிக்க டேங்கர்ல ஒரு சரக்குக் கப்பல் நேரா போயி மோதிச்சே, டேங்கர்ல இருந்தது மிலிட்டரிக்கான எரிபொருள், மோதுன கப்பலோட கேப்டன் ரஷ்யாக்காரர். எங்க ஊரு டீக்கடையில யாருமே இத விபத்துன்னு நம்ப மாட்டேன்றாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?
- ஓய்வுபெற்ற ஹவில்தார், கம்மவான்பேட்டை

பதில்: வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போற ஊரு உங்களது, சந்தேகம் வரலைன்னா தான் ஐயா ஆச்சரியம். நின்னது ஸ்டெனா இமாகுலேட், அதுல சுமார் 2,20,000 பேரல் ஜெட் எரிபொருள், அமெரிக்க ராணுவத்தோட கப்பல் பிரிவு வாடகைக்கு எடுத்திருந்தது. மோதுனது சோலாங், ஸ்காட்லாந்துல இருந்து ராட்டர்டாமுக்கு கன்டெய்னர் ஏத்திக்கிட்டு போனது, 16 நாட் வேகத்துக்கு மேல, அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர். மார்ச் 10 காலையில பத்து மணிக்கு முன்னாடி, கடல்ல மூடுபனி. விசாரணை அதிகாரிகளோட முதல் ரிப்போர்ட்ல ஒரு வரி இருக்கு பாருங்க, அது தான் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு: ரெண்டு கப்பல்லயுமே பிரிட்ஜ்ல, அதாவது கப்பலை ஓட்டற மேல்தளத்து அறையில, கண்காணிப்புக்குன்னு தனியா ஆளே இல்ல. நைட்டு சென்ட்ரி போடாம கேம்ப் தூங்குனா என்னாகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? சதின்னு காட்ட ஆதாரம் எதுவும் இல்லைன்னு பிரிட்டிஷ் அரசும் சொல்லிடுச்சு. கேப்டன் மேல போட்ட கேஸும் நாசவேலைன்னு இல்ல, கடும் அலட்சியத்தால மரணம்னு தான், ஏன்னா சோலாங்ல இருந்த பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருத்தர் திரும்பி வரவே இல்ல. அத டீக்கடையில யாரும் பேசறதில்ல. இன்னொண்ணு, அவ்ளோ பெரிய தீயிலயும் எரிஞ்சும் கசிஞ்சும் போனது 17,500 பேரல் சுமாருக்கு தான், பத்துல ஒரு பங்கு கூட இல்ல. திட்டம் போட்டு அடிச்சிருந்தா ரொம்ப மட்டமான திட்டம்.

கேள்வி: எங்க ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானதளத்துல பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானம் பறக்குது. அதுக்கெல்லாம் எரிபொருள் எவ்ளோ முக்கியம்னு பக்கத்துல இருந்து பாக்கறோம். போயும் போயும் தனியார் கப்பல்லயா ராணுவ எண்ணெய்?
- வாசகர், அரக்கோணம்

பதில்: இங்க தான் நீங்க சரியான எடத்துல கை வெச்சிருக்கீங்க. சதியா இல்லையாங்கறத விட இது தான் பெரிய கேள்வி. ஹவாய்ல ரெட் ஹில்னு மலைக்குள்ள பெரிய பெரிய டேங்க் கட்டி அமெரிக்கா எண்ணெய் வெச்சிருந்தாங்க, 2021ல அது கசிஞ்சு குடிதண்ணில கலந்து ஜனங்களுக்கு உடம்புக்கு முடியாம போயி, 2022ல மூடறதுன்னு முடிவாச்சு, அதுக்கப்புறம் கடல்ல ஓடற டேங்கரை நம்ப வேண்டிய கட்டாயம் இன்னும் கூடிடுச்சு. ஆனா அமெரிக்கக் கொடியோட ஓடற டேங்கர் கொஞ்சம் தான், அதனால டேங்கர் பாதுகாப்புத் திட்டம்னு ஒண்ணு போட்டு 10 தனியார் கப்பலுக்கு வருஷா வருஷம் பணம் குடுத்து கைவசம் வெச்சிருக்காங்க. அந்தப் பத்துல ஒண்ணு தான் இடிபட்டது! எதிரி வரவே வேணாம், பனியும் கவனக்குறைவும் சேந்தா போதும், பத்து ஒம்போதாயிடும். நம்ம கடற்படைக்கு தீபக், சக்தி மாதிரி சொந்த டேங்கர் இருக்கு, ஓடிக்கிட்டே மத்த கப்பலுக்கு எண்ணெய் குடுக்கும், ஆனா கச்சா எண்ணெய் பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்து சாதாரண வணிகக் கப்பல்ல தான் சார் வருது. 2017 ஜனவரில எண்ணூர்ல ரெண்டு கப்பல் இடிச்சுக்கிட்டப்ப பக்கெட்ல எண்ணெய் அள்ளுனாங்களே, அதுல ரஷ்யாவும் இல்ல ராணுவமும் இல்ல.

கேள்வி: அந்த சோலாங் கப்பல்ல இருந்த சயனைடு கடல்ல கலந்துடுச்சாமே?
- கல்லூரி மாணவி, குடியாத்தம்

பதில்: இல்லம்மா. முதல் நாள் அப்படி செய்தி வந்துச்சு, அப்புறம் கம்பெனியே சொல்லிட்டாங்க, முன்னாடி சயனைடு ஏத்துன நாலு காலி கன்டெய்னர் தான்னு. நிஜமா கரைக்கு வந்தது பிளாஸ்டிக் குருணை. அதே வருஷம் மே மாசம் கேரளா பக்கம் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் முழுகுனப்புறம் கன்னியாகுமரி கரையில ஒதுங்குச்சே, அதே சமாச்சாரம்.