திருகோணமலையில் அல்பாக்கா வளர்க்க முடியுமா?

அல்பாக்கா (மயிருக்காக வளர்க்கும், ஒட்டகச் சாதி விலங்கு) வளர்த்து மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கும் ஒருவரைப் பற்றிப் பார்த்துவிட்டு, "நிலாவெளியில் காணி இருக்கிறது, இங்கேயும் வளர்க்கலாமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அந்த விலங்கு வேண்டாம் தம்பி. அல்பாக்காவின் ஊர் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலை. 3,500 மீற்றருக்கு மேலே, கடும் குளிரில் வாழத்தான் அதற்கு அவ்வளவு அடர்ந்த மயிர். நம் சுடும் கச்சான் காற்றிலும் வெயிலிலும் பாவம், தவித்துப்போகும்.

ஆடு வளருங்கள். தம்பலகாமத்தில் என் கொட்டிலுக்குப் பழக வரும் பிள்ளைகளுக்கு முதலில் ஆட்டின் கண்ணைத்தான் காட்டுவேன். கீழிமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளிறியிருந்தால் பெரும்பாலும் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழு. உடனே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மாரி காலத்தில் இந்தத் தொல்லை கூடும். புல்லில் ஈரம் காயுமுன் மேய விடாதீர்கள். கொட்டிலைப் பரண் போல உயர்த்தி, புழுக்கை கீழே விழும்படி பலகைகளுக்கு இடைவெளி விடுங்கள்.

அல்பாக்காவுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ பதினொன்றரை மாதம், பெரும்பாலும் ஒரே குட்டி. ஆட்டுக்கு ஐந்து மாதம்; இரட்டைக் குட்டியும் சாதாரணம். பிறந்த குட்டி முதல் ஓரிரு மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால், அதாவது தாயின் முதல் பால், குடித்தே ஆகவேண்டும். நடுச்சாமம் என்றாலும் பக்கத்திலிருந்து மடியில் வாய் வைக்கப் பழக்குங்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த வேலை அதுதான்.

அப்புறம், ஒற்றை ஆடு வாங்காதீர்கள். துணையில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும். இரண்டு மறியோடு, அதாவது பெண் ஆட்டோடு, தொடங்குங்கள்.