கண்ட்ரோலரைக் கழற்றும் பையனுக்கு எந்தப் படிப்பு?

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு பையன் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டான், தெருப் பிள்ளைகள் வீடியோ கேம் விளையாடக் கையில் பிடிக்கும் கேம் கண்ட்ரோலர்களை வாங்கிவந்து கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். "விளையாட்டுச் சாமானை நோண்டுகிறவன் எங்கே உருப்படப் போகிறான்" என்று அவன் அப்பா சத்தம் போடுகிறார். பதினொன்றில் சேர்ப்பதா, பாலிடெக்னிக்கா, இல்லை இந்தக் கிறுக்கை முதலில் நிறுத்துவதா என்று உங்களுக்குக் குழப்பம்.

நிறுத்த வேண்டாம். படிப்பைப் பற்றிய முடிவையும் இந்த வாரமே எடுக்க வேண்டாம். நாலைந்து நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பழுதைத் தேடுகிறானா அல்லது பாகத்தை மட்டும் மாற்றுகிறானா என்று பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரியும். இரண்டிலும் கையில் ஸ்குரூ டிரைவர் இருக்கும், மேஜையில் சர்க்யூட் போர்டு கிடக்கும். பாலிடெக்னிக்கில் பல வருஷம் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு மாணவன் எவ்வளவு தூரம் போவான் என்பதை இந்த வித்தியாசத்தில்தான் நான் கணித்துவந்திருக்கிறேன்.

அவன் கையில் அதிகம் வருவது 'ட்ரிஃப்ட்' பழுதுதான் என்று நினைக்கிறேன். கட்டைவிரலால் அசைக்கும் குச்சி ஒன்று கண்ட்ரோலரில் இருக்கும், அதைத் தொடாமலே திரையில் ஆள் தானாக நடப்பான். அந்தக் குச்சிக்கு அடியில் இரண்டு சிறிய பொட்டென்ஷியோமீட்டர்கள் உண்டு. மேல்-கீழ் அசைவுக்கு ஒன்று, இட-வல அசைவுக்கு ஒன்று. உள்ளே ஒரு கரித்தடம், அதன் மேல் உரசிப் போகும் ஒரு உலோக நாக்கு. நாக்கு எங்கே நிற்கிறதோ அதற்கு ஏற்ற வோல்டேஜ் வெளியே வரும். பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்று இரைச்சல் வருமே, அதே சங்கதிதான். தடம் தேய்ந்தாலோ தூசி சேர்ந்தாலோ கணக்கு தப்புகிறது.

பாகத்தை மட்டும் மாற்றுகிறவன் ட்ரிஃப்ட் என்று கேட்டதும் புதுக் குச்சி வாங்கிவந்து மாட்டுவான். பழுதைத் தேடுகிறவன் கண்ட்ரோலரைத் திறப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் செருகி, பிரவுசரில் கிடைக்கும் சோதனைப் பக்கம் ஒன்றைத் திறந்து எண்களைப் பார்ப்பான். குச்சியைத் தொடாதபோது இரண்டு எண்களும் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். எண் துள்ளித் துள்ளி மாறினால் தடத்தில் அழுக்கோ தேய்மானமோ இருக்கலாம். துள்ளாமல் ஒரே இடத்தில், ஆனால் பூஜ்ஜியத்தை விட்டுத் தள்ளி நின்றால், குச்சியை நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது நடுப்புள்ளி அளவு மாறியிருக்கலாம். திரையில் தெரியும் தொல்லை ஒன்றுதான், காரணமும் வைத்தியமும் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பையனிடம் விஷயம் இருக்கிறது.

அவனிடம் நீங்கள் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். "திறப்பதற்கு முன்னால் என்ன பார்த்தாய்?" "எது பழுது என்று எப்படித் தெரிந்தது?" "சரியானது நீ செய்த வேலையால்தான் என்று எப்படிச் சொல்கிறாய்?" உங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாதது இங்கே நல்லதுதான். உங்களுக்குப் புரிகிற மாதிரி அவனால் சொல்ல முடிந்தால், அவனுக்கே புரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். "தெரியல, கழுவினேன், ஓடிருச்சு" என்று பதில் வந்தாலும் திட்டாதீர்கள். இன்னும் பழக வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஒரு பழைய கதையை அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் சேர்த்தே சொல்லுங்கள். 2005இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்கள், அதாவது டிவியில் இணைத்து விளையாடும் கேம் பெட்டிகள், ஏராளமாகச் செத்துப்போயின. பவர் பட்டனைச் சுற்றி மூன்று சிவப்பு விளக்குகள் எரியும், அதோடு சரி. அப்போது வீட்டு வைத்தியம் ஒன்று பரவியது. கன்சோலைத் துண்டால் சுற்றி ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றினால் உயிர் வரும் என்றார்கள். சிலருக்கு வரவும் வந்தது, கொஞ்ச நாளில் மறுபடி போனது. கன்சோல் சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நடக்கும்போது கிராஃபிக்ஸ் சிப்பின் உள்ளே இருந்த நுண்ணிய இணைப்புகள் விரிந்து சுருங்கி விட்டுப்போயிருந்தன. துண்டின் சூட்டில் அவை தற்காலிகமாக ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். 2007இல் அந்த நிறுவனம் வாரன்ட்டியை மூன்று வருஷமாக நீட்டியது, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் சூடு, சோல்டர் (பாகங்களைப் போர்டோடு ஒட்டும் உருக்கு உலோகம்), உலோகம் எல்லாம் தெரிந்து காரணத்தைக் கண்டுபிடிக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். உங்கள் பையன் சாப்பாட்டு மேஜையில் செய்துபார்ப்பது அந்த வேலையின் அரிச்சுவடி.

இனி பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இங்கே நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

கண்ட்ரோலரை அவன் தாராளமாகத் திறக்கட்டும். கன்சோலின் பவர் சப்ளையை இப்போதைக்குத் திறக்கவே கூடாது. நம் வீட்டுக் கரன்ட் 230 வோல்ட். அது பவர் சப்ளைக்குள் நேர்மின்சாரமாக மாறி, 325 வோல்ட் அளவில் பெரிய கப்பாசிட்டரில் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் நிற்கலாம். "ஆஃப் பண்ணிட்டேன்மா" என்பது இங்கே செல்லாது. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் பவர் சப்ளை பெட்டிக்கு உள்ளேயே இருப்பதால் இந்த எச்சரிக்கை ரொம்ப முக்கியம்.

அடுத்தது பேட்டரி. கண்ட்ரோலருக்குள் இருப்பது பெரும்பாலும் லித்தியம் பேட்டரி. வேலையை ஆரம்பிக்கும்போது முதலில் அதன் கனெக்டரைக் கழற்ற வேண்டும். உப்பிய பேட்டரியை அமுக்கவோ குத்தவோ கூடாது, குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. தனியாக எடுத்துவைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். சுத்தம் செய்யப் பயன்படும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தீப்பிடிக்கும் பொருள், சூடான சோல்டரிங் அயர்ன் பக்கத்தில் அந்த பாட்டில் இருக்கக் கூடாது. சோல்டர் வைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சோல்டரில் ஈயம் இருக்கலாம் என்பதால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். இதைத் தினமும் ஞாபகப்படுத்துங்கள், சலித்துக்கொள்வான், பரவாயில்லை.

பிளேஸ்டேஷன் 5-ஐ யாராவது கொண்டுவந்தால் வெளித்தட்டைக் கழற்றித் தூசி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். அதன் சிப்புக்கும், சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்குக்கும் நடுவே சாதாரண பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தும், ஒரு துளி போர்டில் சிந்தினாலும் ஷார்ட் ஆகிவிடலாம். வாரன்ட்டி காலம் முடியாத எதையும் தொடவே வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பொருளென்றால் அந்தப் பிள்ளையின் அப்பா அம்மாவிடம் நீங்களே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கண்ட்ரோலரில் குச்சியை மாற்றுவதும் அவன் நினைப்பது போல லேசான வேலை இல்லை. ஒரு குச்சிக்கு 14 இடங்களில் சோல்டரை எடுக்க வேண்டும். பொட்டென்ஷியோமீட்டர் இரண்டுக்கும் மூன்று மூன்று கால்கள், குச்சியை அழுத்தினால் வேலை செய்யும் சுவிட்சுக்கு நான்கு, சட்டத்தைப் பிடித்து நிறுத்த நான்கு. சட்டத்தின் கால்கள் போர்டின் கிரவுண்டு என்ற அகலமான செப்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், சோல்டர் சீக்கிரம் உருகாது. அவசரப்பட்டு இழுத்தால் போர்டில் உள்ள செப்புப் பொட்டும் கூடவே பிய்ந்து வந்துவிடும். எனவே அடுத்தவர் கண்ட்ரோலரில் கை வைக்கும் முன் பழைய போர்டுகளில் பழக வேண்டும். உங்கள் ஊர் டிவி மெக்கானிக் கடையில் கேட்டால் செத்த போர்டுகள் கிடைக்கும். சென்னைக்கு வந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். அந்தப் பையனுக்கு அது திருவிழா மாதிரி இருக்கும்.

வோல்டேஜ், மின்தடை எல்லாம் அளக்கும் மல்ட்டிமீட்டர் ஒன்றைச் சில நூறு ரூபாயில் வாங்கிக்கொடுங்கள். கூடவே ஒரு நீளமான நோட்டு. ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பக்கம்: என்ன புகார், என்ன சோதித்தான், என்ன அளவு வந்தது, என்ன செய்தான், ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4 கண்ட்ரோலரையே எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் வேறு கேபிள், அப்புறம் சார்ஜிங் சாக்கெட் இருக்கும் சிறு போர்டு, கடைசியில்தான் பேட்டரி. அந்தச் சிறு போர்டிலும் வகைகள் உண்டு. வெளியில் ஒரே மாதிரி தெரியும், ரிப்பன் கேபிளில் ஒன்றுக்கு 14 கால், இன்னொன்றுக்கு 12. பழையதைப் பார்த்து எண்ணாமல் வாங்கினால் காசு வீண். இப்படி ஒரு தடவை ஏமாந்ததையும் அவன் நோட்டில் எழுதட்டும். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைக் கல்லூரி ஆசிரியர் யாரிடமாவது காட்டிப் பாருங்கள், மார்க் ஷீட்டைவிட அவர் அதைத்தான் ஆர்வமாகப் புரட்டுவார்.

சரி, படிப்பு. கேம் கண்ட்ரோலர் ரிப்பேர் மட்டும் வைத்து உங்கள் ஊர் அளவில் ஒரு குடும்பம் நடத்த முடியாது. இதை அவனிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கன்சோல் வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் குறைவு. ஆனால் அவன் கற்றுக்கொள்வது கண்ட்ரோலரோடு நின்றுபோவதில்லை. உரசும் நாக்கு தேய்ந்துபோகிறது என்பதால்தான் உரசலே இல்லாத 'ஹால் எஃபெக்ட்' குச்சிகள் வந்தன. காந்தம் நகர்வதை ஒரு சென்சார் உணரும். எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்த விளைவு அது. 1998இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கண்ட்ரோலரிலேயே அது இருந்தது. இன்று மின்சார ஸ்கூட்டரின் ஆக்சிலரேட்டர் கைப்பிடிக்குள்ளும் அதே சென்சாரைப் பார்க்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள், எல்லா ஊரிலும் ஆஸ்பத்திரிக் கருவிகள். பழுதான போர்டைப் பார்த்துக் காரணம் சொல்லும் ஆள் இவை எல்லாவற்றுக்கும் வேண்டும்.

பத்தாவது முடித்தவனுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஐடிஐயில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவு, இரண்டு வருஷம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் டிப்ளமா, மூன்று வருஷம். இல்லையென்றால் பதினொன்று, பன்னிரண்டு முடித்துப் பொறியியல். ஒன்றில் சேர்ந்துவிட்டால் மற்றது அடைபட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். ஐடிஐ முடித்தவர் டிப்ளமாவில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமா முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் பார்ப்பது இரண்டு விஷயம். பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்தை அவன் எப்படிப் படித்தான் என்று கேளுங்கள். கண்ட்ரோலர் குச்சிக்குள் நடப்பது அந்தப் பாடத்தில் வரும் தொடரிணைப்பு மின்தடைக் கணக்குதான். இது தெரிந்ததும் அவன் பரணிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் கணக்கு அவனுக்குக் கசக்கவில்லை என்று அர்த்தம், டிப்ளமாவும் பதினொன்றும் இரண்டுமே பொருந்தும். கையால் செய்தால்தான் மண்டையில் ஏறுகிறது, வகுப்பில் உட்கார முடியவில்லை என்றால் டிப்ளமாவே மேல். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்கும்போது என் சாய்வு டிப்ளமா பக்கம். வாரத்தில் பல மணி நேரம் லேபில் நிற்பான், பதினெட்டு, பத்தொன்பது வயதில் கையில் ஒரு தகுதி இருக்கும், மேலே படிக்கவும் வழி இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்று எழுதியிருந்தீர்கள். கேமை விரும்புகிறான் என்பதற்காக அதில் சேர்க்காதீர்கள். அவன் விரும்புவது கேமையா, போர்டையா என்பது அந்த நாலைந்து நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும். சரிசெய்த கண்ட்ரோலரை வைத்து ராத்திரி ஒரு மணி வரை விளையாடிக்கொண்டிருந்தால் அது வேறு பேச்சு, அதற்குத் தனியாக எழுதுங்கள்.

இங்கிலீஷையும் விட்டுவிட வேண்டாம். பாகங்களின் விவரத்தாள்களான டேட்டாஷீட் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தினமும் அரைப் பக்கம் எழுத்துக்கூட்டியாவது படிக்கட்டும், ஆசை இருக்கும் விஷயத்தில் மொழி வேகமாக வரும்.

அவன் அப்பாவுக்கு என் சார்பில் ஒன்று சொல்லுங்கள். வீட்டில் ஓடாமல் கிடக்கும் மிக்சியையோ ஃபேனையோ அவனிடம் தள்ளி, "இதைச் சரிபண்ணு பார்ப்போம்" என்று சோதிக்க வேண்டாம், அதில் 230 வோல்ட் இருக்கிறது. அதற்குப் பதில் ஓடாத டிவி ரிமோட்டைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடிக்கட்டும். ரிமோட்டுக்குள்ளும் கண்ட்ரோலர் பட்டன்களுக்கு அடியிலும் இருக்கும் ரப்பரும் கரிப்பொட்டும் ஒரே ஜாதிதான், பையனே அதைக் காட்டுவான்.

பாலிடெக்னிக் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று பக்கத்தில் உள்ள அரசு பாலிடெக்னிக்கில் இந்த வாரமே விசாரித்து வையுங்கள். அதற்குள் நோட்டில் நாலு பக்கம் நிரம்பியிருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், தோற்றுப்போன ரிப்பேர் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும்.