எண்பதிலும் ஓடும் ஜாகர்

கேள்வி: ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவை 30 வருஷமாகக் கேசட்டிலும் சிடியிலும் மட்டுமே கேட்டவன் நான். இந்த வயதில் அவர்களை மேடையில் போய்ப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்காதா?
- ஓசூர் வாசகர்

பதில்: 2003 ஏப்ரலில் பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கே வந்தார்களே, உங்களுக்கு ஒரு பஸ் தூரம், அப்போது எங்கே போயிருந்தீர்கள்? சரி, விடுங்கள். குழு தொடங்கியது 1962-இல். பாடகர் மிக் ஜாகர் 1943-இல் பிறந்தவர், 2024-இல் அமெரிக்க மேடைகளில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியபோது எண்பது வயது. நமக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது.

கேசட்டில் கேட்டது அப்படியே வேண்டும் என்று போனால் ஏமாற்றம்தான், ஏனென்றால் டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் 2021-இல் காலமாகிவிட்டார், இப்போது டிரம்ஸில் ஸ்டீவ் ஜோர்டன், நல்ல வாசிப்புதான், ஆனால் சார்லியின் அந்த அலட்டிக்கொள்ளாத அடி வேறு. அதேசமயம் கீத் ரிச்சர்ட்ஸ் கிடாரின் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு, மிச்ச ஐந்தையும் ஜி கார்டு என்ற சுரக்கூட்டுக்கு சுருதி கூட்டி வைத்துக்கொண்டு முதல் அடி அடிப்பார் பாருங்கள், அது ஸ்பீக்கர் வழியாக நெஞ்சில் வந்து இடிக்கிற மாதிரி எந்த சிடியிலும் இடிக்காது.

அடுத்த பயணம் அறிவித்தால் யோசிக்காமல் டிக்கெட் எடுங்கள். காதுக்குப் பஞ்சு மறக்க வேண்டாம்.