78 தட்டும் எல்.பி.யும் இருந்தால் ஒரே டர்ன்டேபிள் போதுமா?

சேலம் வீட்டில் தாத்தா காலத்து 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டுகள்), பிற்பாடு வாங்கிய இ.பி., எல்.பி. (சிறிய, பெரிய வினைல் தட்டுகள்) எல்லாம் இருக்கின்றன, அவற்றைச் சுழற்றிப் பாடவைக்க எத்தனை டர்ன்டேபிள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வேண்டும். கச்சேரிக்கு ஒன்று, சினிமாப் பாட்டுக்கு ஒன்று என்று பிரிக்காதீர்கள். ஊசி ஓடும் தடத்தின் அகலத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

எல்.பி., இ.பி. இரண்டுக்கும் தடம் குறுகல். முனை ஆரம் சுமார் 18 மைக்ரான் உள்ள ஊசி போதும். 78-க்கு 75 மைக்ரான் வரை வேண்டும். எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் அது சுவரில் சாயாமல் அடியில் இறங்கி, அங்கே படிந்த தூசியில் உரசும். பாட்டை மீறி இரைச்சல்தான் கேட்கும். அரக்கோடு கல்பொடியும் கலந்து வார்த்த தட்டு என்பதால் ஊசியும் சீக்கிரம் தேயும்.

தட்டின் மேல் ஊசி அழுத்தும் எடையும் வேறு. எல்.பி.க்குப் பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம், 78-க்கு 3 முதல் 5 கிராம். கார்ட்ரிட்ஜோடு (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) வரும் தாளில் உள்ளதே சரி. கார்ட்ரிட்ஜ் பொருத்திய ஹெட்ஷெல்லை (கையின் நுனித் துண்டை) மட்டும் கழற்றி மாட்டி ஒரே டர்ன்டேபிளில் சமாளிக்கலாம்தான். ஆனால் மாற்றும்போதெல்லாம் ஊசித் தராசில் எடை பார்க்க வேண்டும். ஒருநாள் மறந்தால் எல்.பி. மேல் 4 கிராம் ஏறிவிடும்.

78 எல்லாமே மோனோ, அதாவது ஒற்றை ஒலிவழி. ஊசி பக்கவாட்டில் அசைவதுதான் பாட்டு, மேலும் கீழும் அசைவது வெறும் கரகரப்பு. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தினால் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ காலத்துக் குரல்கூட முன்னால் வந்து நிற்கும். அந்தச் சுகத்துக்காகவே இரண்டாவது டர்ன்டேபிள் வாங்கலாம்.

வாங்கும்போது 78 வேகம் இருக்கிறதா என்று பாருங்கள். பல புதிய மாடல்களில் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஏசி மோட்டார் என்றால் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் எல்.பி.யின் வேகமான நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது 27.8 ஆகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், வேகத்தை அல்ல. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டார் தண்டில் உள்ள சிறு சக்கரம்) கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். வேகம் பார்க்க ஸ்ட்ரோப் அட்டையை (வட்டவட்டமாகக் கோடு போட்ட அட்டையை) நியான் விளக்கின் கீழ் சுழலவிடுங்கள்: 33⅓-க்கு 180 கோடு, 78-க்கு 77 கோடு உள்ள வட்டம் அசையாமல் நிற்க வேண்டும்.

ஏற்காட்டு வீட்டில் வைப்பதானால் பனிமூட்ட ஈரத்தில் உறைக்குள் பூஞ்சை பிடிக்கும். 78-ஐ ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, நடு லேபிள் நனையாமல் மென்துணியால் தடத்தின் போக்கிலேயே துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.