வீட்டிலிருந்தே வேலை நடக்கும்போது 60 மாடித் தலைமையகம் எதற்கு?

நியூயார்க்கில் ஜேபி மார்கன் வங்கி 2025-இல் திறந்த 60 மாடிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இன்னும் தேவையா? நம்ம ஊட்டியில் ஏன் இப்படி ஒன்றுகூட இல்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நீலகிரியில் பொதுவாக 7 மீட்டருக்கு மேல் கட்ட விதி இடம் தராது. மண்சரிவைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இப்போது நியூயார்க். அதே இடத்தில் முன்பு யூனியன் கார்பைடு நிறுவனத்தின் 52 மாடிக் கட்டடம் நின்றது. 2017-இல் அந்தப் பகுதியின் விதி மாறியது. அக்கம்பக்கத்துப் பாரம்பரியக் கட்டடங்கள் பயன்படுத்தாமல் விட்ட கட்டுமான உரிமையை விலைக்கு வாங்கி, இன்னும் பெரிதாகக் கட்டலாம் என்றானது. அப்புறம் என்ன, பழையதை இடித்தார்கள். புதியது சுமார் 423 மீட்டர். நம் 7 மீட்டர் கணக்கில் பார்த்தால் அறுபது வீட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம்!

உள்ளே நடந்த மாற்றம்தான் சுவாரசியம். தடுப்பு வைத்த மேசை வரிசை இப்போது யாரையும் இழுப்பதில்லை. அதனால் வீட்டில் கிடைக்காததைத் தருகிறார்கள்: தூண் மறைக்காத தளம், கூடிப் பேச இடம், நல்ல காற்று, விதவிதமான சாப்பாடு. கொரோனா காலத்தில் குன்னூரில் இருந்தே வேலை பார்த்தவன் நான். மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் அன்றைய மீட்டிங் காலி. அப்போதெல்லாம் அலுவலகம் இனித்தது.

அந்தக் கட்டடம் நீர்மின்சாரத்தில் ஓடுகிறது என்று பெருமைப்படுகிறார்கள். சரி, நம் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் அந்த வேலையை 1932-லேயே ஆரம்பித்துவிட்டது.