களிமண் பலகையின் ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. அடுத்த மாதம் லண்டனில் மகள் வீட்டுக்குப் போகிறேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். சிரியாப் பகுதியின் அரமேயரை வென்ற அசிரியர்கள் கடைசியில் அரமேய மொழியையே பேசினார்கள் என்று பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். அதற்கான சான்றை என் கண்ணால் பார்க்க வேண்டும். எதைத் தேடுவது?

பதில்: சிறகு முளைத்த பெரிய காளைகள் உங்களை நிறுத்தி வைத்துக்கொள்ளும். அவற்றைப் பார்த்துவிட்டுச் சின்னப் பொருள்களிடம் போய்விடுங்கள். நீங்கள் தேடுவது எடைக்கல்லிலும் கடன் பத்திரத்திலும்தான் இருக்கிறது.

முதலில் நிம்ருத் சிங்கங்கள். நிம்ருத் இன்றைய வட ஈராக்கில் இருந்த அசிரியத் தலைநகர். 1840களில் ஆங்கிலேய அகழ்வாளர் லேயர்ட் அங்கே அகழ்ந்தபோது, அரண்மனை வாசற்காவல் சிற்பம் ஒன்றின் அடியில் 16 வெண்கலச் சிங்கங்கள் கிடைத்தன. பெரியது ஓரடிக்கு மேல். சிறியது ஓர் அங்குலம் இருந்தால் அதிகம். எல்லாம் எடைக்கற்கள். பலவற்றில் இரண்டு எழுத்துகளும் இருக்கின்றன. ஐந்தாம் சல்மனேசர் (கி.மு. 727–722) போன்ற அசிரிய அரசர்களின் பெயர், ஆப்பு வடிவக் குறிகளால் ஆன ஆப்பெழுத்தில்; 'அரசனின் மினா', 'நாட்டின் மினா' என எடை அரமேயத்தில். மினா என்பது அந்தக் கால எடை அளவு. விலாப்புறத்தைக் குனிந்து பாருங்கள்: எத்தனை மினாவோ அத்தனை கோடுகள் கீறியிருக்கும். எந்த எழுத்தும் படிக்கத் தெரியாதவருக்காகத்தான் அந்தக் கோடுகள் என்று நான் நினைக்கிறேன். ஒரே தராசைச் சுற்றி எத்தனை விதமான மனிதர்கள் நின்றிருப்பார்கள்!

அடுத்தது, அசிரியரின் இன்னொரு தலைநகரான நினிவேயின் களிமண் பலகைகள். கடன், விற்பனைப் பத்திரங்கள் ஆப்பெழுத்தில் முறைப்படி எழுதப்பட்டிருக்கும். சிலவற்றின் ஓரத்தில் மட்டும் ஒரு வரி அரமேயம்: யாருடைய பத்திரம், எதைப் பற்றியது என்ற குறிப்பு. அலுவலகக் கோப்பின் முதுகில் நாம் பெயர் எழுதி வைப்பதைப் போல. பத்திரங்களை அடுக்கி வைத்து, தேடி எடுத்தவர்களுக்குக் கைவந்த எழுத்து அரமேயம் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியாது. எந்தப் பலகை காட்சியில் இருக்கிறது என்பதை அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் முன்பே பார்த்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது லண்டனில் இல்லை. படத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1979இல் சிரியாவின் தெல் ஃபெகேரியேயில் ஒரு விவசாயிக்குக் கிடைத்த கற்சிலை அது. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கைகோத்து நிற்கும் அந்த மனிதர், கூசானா நகரை ஆண்ட ஹதத்-யித்ஈ. ஆடையின் முன்புறம் அசிரிய வாசகம், பின்புறம் அரமேய வாசகம். முன்புறத்தில் அவர் 'ஆளுநர்', பின்புறத்தில் 'அரசர்'. பேரரசுக்கு முன்னால் பணிவு, சொந்த மக்களுக்கு முன்னால் கிரீடம். இரண்டையும் ஒரே கல் தாங்குகிறது.

உங்கள் பாடத்தில் ஒரு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். மொழி ஒரே மூச்சில் மாறிவிடவில்லை. வென்ற ஊர்களின் மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்து, அசிரியாவின் நடுப்பகுதியிலேயே அரசர்கள் குடியமர்த்தினார்கள். அரமேயமும் கூடவே வந்தது. நூற்றுக்கணக்கான ஆப்புக்குறிகளுக்கு எதிரே அதற்கு 22 எழுத்துகளே போதும். ஆனாலும் தென் மெசபொத்தேமியாவின் 'ஊர்' (Ur) என்ற நகரத்து அதிகாரி ஒருவர் அரமேயத்தில் கடிதம் எழுத அனுமதி கேட்டபோது, அசிரிய அரசர் இரண்டாம் சர்கோன் மறுத்து, ஆப்பெழுத்தில் எழுதப்படும் அக்காடிய மொழியிலேயே எழுதச் சொன்னார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. களிமண்ணில் எழுதியதால் இருக்கிறது. அரமேயம் பெரும்பாலும் தோலிலும் பாப்பிரஸிலும் எழுதப்பட்டது, அவை மக்கிப்போயின. எனவே கண்ணாடிப் பெட்டிகளில் அரமேயம் குறைவாகத் தெரிவதை வைத்து, அது குறைவாக எழுதப்பட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைசியாக நினிவேயின் தென்மேற்கு அரண்மனைப் புடைப்புச் சிற்பங்களுக்கு வாருங்கள். போர் முடிந்து, கொள்ளைப் பொருள்களையும் வெட்டுண்ட தலைகளையும் கணக்கெடுக்கும் காட்சியில் இரண்டு எழுத்தர்கள் அருகருகே நிற்பார்கள். ஒருவர் கையில் கீல் வைத்த எழுதுபலகை, ஆப்பெழுத்துக்கு. இன்னொருவர் கையில் சுருள். அவர் காட்சியை வரைபவர் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அரமேய எழுத்தர் என்பதே பரவலான கருத்து, என் கருத்தும் அதுதான். அவர் எழுதிய தோல் எப்போதோ மக்கிவிட்டது. கல்லில் செதுக்கிய சுருள் மட்டும் அவர் கையில் இருக்கிறது.