பிளாக்பெர்ரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஈசூன்): நன்கு கறுத்த பிளாக்பெர்ரியைத்தான் தேர்ந்தெடுத்து வாங்குகிறேன். ஆனாலும் புளிக்கிறது. இரண்டு நாள் வெளியே வைத்தால் பழுக்குமா?

பதில்: பழுக்காது. மாம்பழத்தைப் போலப் பறித்த பின் பழுக்கும் இனம் இதுவன்று. செடியில் இருக்கும்போது ஏறிய இனிப்போடு சரி. நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும். பளபளக்கும் கறுப்பைக் கண்டு ஏமாற வேண்டாம்; பளபளப்பு மங்கிய பழமே முழுமையாகப் பழுத்தது. அத்தகைய பழம் மிகவும் மென்மையாகிவிடுவதால் நெடுந்தொலைவுப் பயணத்தைத் தாங்காது என்று சற்று முன்னதாகவே பறித்து அனுப்புகிறார்கள். எனவே புளிப்பானவற்றை ஓவனுக்கு ஒதுக்கிவிடுவதே நல்லது. அங்கே அந்தப் புளிப்புக்கு மதிப்பு உண்டு.

கேள்வி (தோ பாயோ): கறுத்த பழத்தில் உள்ள சிறு மணிகளில் சில சிவந்துவிட்டன. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, தாராளமாக உண்ணலாம். பறிக்கும்போதும் வழியிலும் அடிபட்ட மணிகள் குளிரூட்டிய பின் இவ்வாறு சிவப்பது உண்டு. பூஞ்சை கண்ட பழங்களை மட்டும் எறிந்துவிடுங்கள். உண்பதற்குச் சற்று முன்புதான் கழுவ வேண்டும்.

கேள்வி (பொங்கோல்): பிளாக்பெர்ரி மஃபின் செய்தேன். பழத்தைச் சுற்றி மாவு நீலப்பச்சையாக மாறிவிட்டது. ஏன்?

பதில்: பழத்திலுள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி புளிப்பில் சிவந்தும், காரத்தன்மையில் நீலமாகவோ பச்சையாகவோ மாறியும் காட்டும். நீங்கள் சேர்த்த சமையல் சோடாவுக்கு ஈடான புளிப்பு மாவில் இல்லாததே காரணம்; தயிரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால், அல்லது சோடாவுக்குப் பதிலாக பேக்கிங் பவுடரைப் பயன்படுத்தினால், நிறம் பெரும்பாலும் மாறாது. சாறு மாவெங்கும் பரவாமலிருக்க, உறைந்த பழத்தை இளக விடாமல் அப்படியே ஒரு கரண்டி மைதாவில் புரட்டி, கடைசியாகச் சேர்த்து இரண்டு மூன்று முறை மட்டும் மெல்லக் கிளறுங்கள். பேக் செய்வதற்கு உறைந்த பழம் எந்த வகையிலும் தாழ்ந்ததன்று என்பது என் கருத்து. விலையும் பெரும்பாலும் குறைவு.

கேள்வி (ஜூரோங்): மாமியார் முட்டை சேர்த்துக்கொள்ள மாட்டார். கிரம்பிள் (பழத்தின் மேல் வெண்ணெய் கலந்த மாவைத் தூவி ஓவனில் வேகவைக்கும் இனிப்பு) செய்யலாமென்றால், பிசையும்போதே வெண்ணெய் உருகிவிடுகிறது.

பதில்: கிரம்பிளுக்கு முட்டையே தேவையில்லை. 400 கிராம் பிளாக்பெர்ரியுடன் ஒரு பச்சை ஆப்பிளை நறுக்கிப் போட்டு, 70 கிராம் சர்க்கரையும் ஒரு மேசைக்கரண்டி சோளமாவும் கலந்து தட்டில் பரப்புங்கள். மேலே தூவ 150 கிராம் மைதா, 75 கிராம் சர்க்கரை, 75 கிராம் வெண்ணெய் போதும். வெண்ணெயை உறைபெட்டியில் கல்லாக்கி, தேங்காய்ப்பூ அளவுக்குத் துருவி, மாவில் விரல் நுனியால் கலந்துவிடுங்கள். உள்ளங்கை பட்டால் உருகிவிடும். 180 பாகை செல்சியஸில் சுமார் 40 நிமிடம் வைக்கலாம். மேற்புறம் பொன்னிறமானவுடன் எடுத்துவிடாமல், நடுவிலும் சாறு கொதித்துக் குமிழியிடும் வரை பொறுத்திருங்கள். அப்போதுதான் சோளமாவு வெந்து சாறு கெட்டிப்படும். எடுத்தபின் 20 நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள்.